தெஹ்ரான் சொன்னா உலகத்து ஷியாக்கள் எல்லாம் கேப்பாங்களா?

கேள்வி கேட்டவர் ரெண்டு விஷயத்தை ஒண்ணா போட்டுக் கேட்டிருக்காரு. கூட வேலை பாக்குற லக்னோ நண்பரோட தம்பி ஈரான்ல கோம் நகரத்துக்கு மதக்கல்வி படிக்கப் போறாரு, படிப்பு, தங்குற இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே பாத்துக்குறாங்களாம். இவரு அதப்பத்தி தேடிப் பாத்தா 'அஹ்லுல்பைத் உலகப் பேரவை'ன்னு ஒரு அமைப்பு பேரு வருது. ஒருத்தர் அது புஸ்தகம் போடுற ஆன்மீக அமைப்புங்கறாரு, இன்னொருத்தர் அது ஈரான் உளவுத்துறையோட முகமூடிங்கறாரு, எது உண்மை, ஈரான் இதுக்கு எவ்வளவு காசு போடுதுன்னு கேக்குறாரு, நடுவுல போரா கடைக்காரர் ஒருத்தரையும் உதாரணத்துக்கு இழுக்குறாரு. ஆனா இந்தக் கேள்விக்கு அடியில இன்னொரு கேள்வி இருக்கு, அதுதான் அசல் கேள்வின்னு நெனைக்கிறேன்: ஒரு அரசாங்கம் காசு போட்டு ஒரு உலக மத அமைப்பு நடத்துனா, அந்த மதத்துக்காரங்க எல்லாம் அந்த அரசாங்கத்து ஆளா ஆயிடுவாங்களா? அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

என்னப் பத்தி சொல்லிடுறேன். டெல்லில மேற்காசிய அரசியல் படிச்சு, அப்புறம் பதினேழு வருஷம் அதே பாடத்த காலேஜ்ல எடுத்தவன். ஷியா இல்ல, முஸ்லிமும் இல்ல. பாரசீகம் வாசிக்க வரும், பேச வாய் வராது, அரபி அரைகுறை. அதனால மார்க்க சட்டத்துல எது சரி எது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், அது எனக்கு தகுதி இல்லாத எடம். அரசியல் பக்கம் மட்டும் பேசறேன்.

மொதல்ல சந்தேகமே இல்லாத விஷயத்த சொல்லிடுறேன். அஹ்லுல்பைத்னா நபியோட குடும்பத்தார்னு அர்த்தம். அந்தப் பேர்ல 1990ல தெஹ்ரான்ல ஒரு பெரிய மாநாடு கூட்டி, அதோட தொடர்ச்சியா வந்ததுதான் இந்தப் பேரவை. அப்ப ஈரானோட உச்ச தலைவரா இருந்த அலி காமெனியோட முடிவுல வந்தது. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ பல நாட்டு மௌலவிங்க, பேராசிரியருங்க, எம்.பி.க்கள்னு கூட்டி பொதுப்பேரவை நடக்கும், ஏழாவது கூட்டம் 2022 செப்டம்பர்ல நடந்துச்சு. புஸ்தகங்கள பல மொழில மொழிபெயர்க்கிறாங்க, 'அப்னா'ன்னு பல மொழில ஒரு செய்தி நிறுவனம் நடத்துறாங்க. மேல ஒரு உயர்மட்டக் குழு, அதுக்குக் கீழ பொதுச்செயலாளர், இந்த நியமனமெல்லாம் உச்ச தலைவரோட ஒப்புதல்லதான் நடக்கும். இதுல ஒண்ணும் ரகசியம் இல்ல, அவங்களே பெருமையா சொல்லிக்குவாங்க. அதனால 'இது அரசாங்க அமைப்பா'ன்னு கேட்டா, ஆமா, ஒளிவு மறைவு இல்லாம ஆமா.

பொதுச்செயலாளரா இருந்தவங்க பேர வரிசையா பாத்தாலே பாதி கத புரிஞ்சிடும். மொதல்ல முஹம்மது அலி தஸ்கிரி, ஈராக்ல ஷியா மதக்கல்விக்குப் பேர்போன நஜஃப் நகரத்துல பொறந்த மௌலவி. அப்புறம் அலி அக்பர் வெலாயதி, இவரு மௌலவியே இல்ல, குழந்தைகள் டாக்டர், ஆனா 1981லேர்ந்து 1997 வரைக்கும் ஈரான் வெளியுறவு அமைச்சரா இருந்தவர். அப்புறம் முஹம்மது மஹ்தி ஆசிஃபி, ஈராக்ல சதாம் வேட்டையாடின ஷியா கட்சியான தாவா கட்சியோட முக்கியமான ஆள். அப்புறம் ரொம்ப வருஷம் முஹம்மது ஹசன் அக்தரி, இவரு டமாஸ்கஸ்ல ஈரான் தூதரா ரெண்டு தடவ இருந்தவர், அதாவது ஈரான் ஆதரவு ஆயுத இயக்கமான லெபனான் ஹெஸ்புல்லா வளந்த காலத்துல அதுக்கான வழி போற எடத்துலேயே உக்காந்திருந்தவர். 2019லேர்ந்து ரெஸா ரமஸானி, இவரு அதுக்கு முன்னாடி ஜெர்மனில ஹாம்பர்க் இஸ்லாமிய மையத்துக்குத் தலைவரா இருந்தாரு. வெளியுறவு அமைச்சர், தூதர், வெளிநாட்டு கட்சித் தலைவர், ஐரோப்பிய பள்ளிவாசல் இமாம்! வெறும் புஸ்தகம் போடுற எடத்துக்கு இப்படிப்பட்ட ஆளுங்க எதுக்குன்னு யாரும் கேக்கத்தான் செய்வாங்க. அதே சமயம் இவங்க யாருமே ஈரான் ராணுவத்துலேர்ந்து வந்த ஆளுங்களும் இல்ல, அதையும் கவனிங்க. வெளிநாட்டு ராணுவ வேலைக்கு ஈரான் புரட்சிக்காவல் படையோட குத்ஸ் பிரிவு தனியா இருக்கு. பேரவையோட வேலை ஆளுங்கள பழக்கம் பிடிச்சு வைக்கிறது. எந்த ஊர்ல எந்த மௌலவிக்கு செல்வாக்கு, யாருக்கு யாரோட ஆகாது, யாரு கூப்பிட்டா வருவாங்க, அந்த விலாசப் புஸ்தகம்தான் அதோட சொத்து.

அது ஏன் 1990ல ஆரம்பிச்சாங்கங்கறது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 1979 புரட்சி அப்ப அதுக்குத் தலைவரா இருந்த கொமெய்னி தன்னை ஷியாக்களோட தலைவரா காட்டிக்கவே இல்ல, எல்லா முஸ்லிமுக்கும், அத விட மேல ஒடுக்கப்பட்ட எல்லாருக்கும் பேசறதாதான் பேச்சு, அரசியல் சட்டத்துலயே அப்படி எழுதி வச்சாங்க. எட்டு வருஷம் ஈராக்கோட சண்ட போட்டு, அரபு சுன்னி நாடுங்க பெரும்பாலும் சதாம் பக்கம் நின்னதப் பாத்து, 1988ல சண்ட நின்னு, 1989 ஜூன்ல கொமெய்னியும் செத்துப் போனாரு. அப்பதான் கையில உண்மையா என்ன மிஞ்சியிருக்குன்னு கணக்குப் பாத்தாங்க. மிஞ்சினது ஷியா உறவுகள்தான். வேடிக்கை என்னன்னா அதே 1990லதான் சுன்னி ஷியா ஒத்துமைக்குன்னு இன்னொரு உலக அமைப்பும் ஆரம்பிச்சாங்க, தஸ்கிரி பின்னால அதுக்கும் தலைவரா இருந்தாரு. ஒரு கையில 'நாமெல்லாம் ஒரே உம்மத், ஒரே முஸ்லிம் சமுதாயம்', இன்னொரு கையில 'நம்ம ஆளுங்க யாரு'ங்கற லிஸ்ட். நம்ம ஊர்ல சமத்துவ மாநாடும் சாதிச் சங்க மாநாடும் ஒரே மண்டபத்துல அடுத்தடுத்த நாள் நடக்கறத பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இப்ப கேள்வியோட மையத்துக்கு வரேன். சுன்னி பக்கம் சவுதி 1962ல மெக்காவுல உலக முஸ்லிம் லீக் ஆரம்பிச்சு நடத்துது, துருக்கி தன்னோட மத விவகாரத் துறை மூலமா ஜெர்மனி வரைக்கும் இமாமுங்கள அனுப்புது. ஈரான் செய்யறது அதே மாதிரிதான்னு நெறைய பேர் எழுதறாங்க. மேலோட்டமா சரி. ஆனா ஷியாக்கள் கிட்ட ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அது புரியலன்னா இந்த விஷயமே தலைகீழாத்தான் புரியும்.

ஷியாக்கள்ல பெரும்பான்மையா இருக்குற பன்னிரு இமாம் ஷியாக்கள்ல சாதாரண ஆள் ஒவ்வொருத்தரும் மார்க்க விஷயத்துல உயிரோட இருக்குற ஒரு பெரிய அறிஞரைப் பின்பத்தணும். அந்த அறிஞருக்கு மர்ஜான்னு பேரு, பின்பத்தறதுக்கு தக்லீத்னு பேரு. யாரைப் பின்பத்தணும்னு தீர்மானிக்கிறது அந்த ஆளோட பொறுப்பு, அரசாங்கம் சொல்ல முடியாது, அப்பா சொல்லக் கூட முடியாது. வருமானத்துல செலவு போக மிஞ்சினதுல அஞ்சுல ஒரு பங்கு, குமுஸ்னு சொல்வாங்க, அது மர்ஜா கிட்டயோ அவரோட பிரதிநிதி கிட்டயோ போகும். அந்தக் காசுலதான் மதரசா, மாணவர் உதவித்தொகை, ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம். அதாவது ஷியா மௌலவிங்க நூத்துக்கணக்கான வருஷமா ராஜா சம்பளம் வாங்காம, பக்தன் காசுல நின்னவங்க. இதனாலதான் அவங்களால ராஜாவ எதுத்துப் பேச முடிஞ்சுது. 1890ல ஈரான் ஷா ஒரு வெள்ளக்காரனுக்கு நாட்டோட மொத்தப் புகையிலை வியாபாரத்தையும் எழுதிக் குடுத்தாரு. இப்ப ஈராக்ல இருக்குற சாமர்ராவுல உக்காந்திருந்த பெரிய மர்ஜா மீர்ஸா ஷிராஸி பேர்ல 1891ல ஒரு ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வந்துச்சு, புகையிலை தொட்டா மறைஞ்சிருக்குற பன்னிரண்டாவது இமாமோட சண்ட போடற மாதிரின்னு. ஈரானே ஹூக்காவ கீழ வச்சிடுச்சு, அரண்மனைக்குள்ள அந்தப்புரத்துல கூட வச்சிட்டாங்கன்னு சொல்வாங்க, அடுத்த வருஷம் ஷா ஒப்பந்தத்த ரத்து பண்ணினாரு. அந்த மனுஷன் கையில ஒரு அரசாங்கமும் இல்ல, அதுவும் அவரு இருந்தது வேற நாட்டுல.

இந்தப் பழக்கத்து மேல 1979ல ஒரு புது விஷயம் வந்து உக்காந்துச்சு, மார்க்க அறிஞரே ஆட்சி செய்யணும்னு கொமெய்னி நஜஃப்ல பாடம் நடத்தின விலாயத்துல் ஃபகீஹ். இத எல்லா ஷியா அறிஞரும் ஏத்துக்கல. அவரு காலத்து பெரிய அறிஞருங்க நெறைய பேர் ஏத்துக்கல, நஜஃப்ல பெரிய மர்ஜாவா இருந்த கூயி ஏத்துக்கல. அவரு 1992ல இறந்தப்புறம் அந்த எடத்துக்கு வந்த சிஸ்தானியும் அந்த அளவுக்கு மௌலவி அதிகாரத்த பேசறவர் இல்ல. வேடிக்கை, சிஸ்தானி பொறந்தது ஈரான்ல மஷ்ஹத்ல. ஈரான்ல பொறந்தவர் ஈராக்ல உக்காந்து ஈரான் மாதிரி ஆட்சி வேணாங்கறாரு.

டெல்லி ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம்ல கார்கில் பையன் ஒருத்தன் இருந்தான். அவங்க வீட்ல பாட்டி கூயியத்தான் பின்பத்தினாங்க, அவரு எறந்த பெறகும் விடல, அதுக்கு உயிரோட இருக்குற மர்ஜாவோட அனுமதி வேணும்னு சிஸ்தானியோட தீர்ப்ப வச்சு தொடர்ந்தாங்க. அப்பா நேரா சிஸ்தானி. அண்ணன் கோம்ல படிச்சிட்டு வந்து காமெனி. நோன்புப் பெருநாள் பெறை விஷயத்துல ஒரே வீட்ல ரெண்டு நாள் பெருநாள் வந்திருக்கு, 'எங்கம்மாவுக்கு ரெண்டு நாளும் சமையல்'னு சிரிப்பான். உலக ஷியாக்கள் எல்லாம் ஒரு பட்டன்ல ஓடறாங்கன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த அம்மாவோட அடுப்புதான் ஞாபகம் வரும்.

இந்தப் பிரச்சினை தெஹ்ரானுக்கு நல்லாவே தெரியும். காமெனி 1989ல உச்ச தலைவர் ஆனப்ப மர்ஜா தகுதில இல்ல, அதுக்காகவே மர்ஜாவா இருக்கணுங்கற நிபந்தனைய அரசியல் சட்டத்துலேர்ந்து எடுத்தாங்க. 1994 கடைசில மூத்த மர்ஜா அராக்கி இறந்தப்ப, கோம் ஆசிரியர் சங்கம் வெளியிட்ட பட்டியல்ல காமெனி பேரும் வந்துச்சு. அவரு என்ன சொன்னாருன்னா, ஈரானுக்குள்ள நெறைய பேர் இருக்காங்க, என்மேல அந்த சுமை வேணாம், ஆனா ஈரானுக்கு வெளிய இருக்குறவங்களுக்கு ஏத்துக்கறேன்னாரு. ஒரு நாட்டோட தலைவர் தன் நாட்டு ஜனங்களுக்கு மார்க்க வழிகாட்டியா இருக்க மாட்டேன், அடுத்த நாட்டுக்காரனுக்கு இருக்கேன்னு சொன்னத நெனச்சுப் பாருங்க. உள்நாட்டுல கோம் பெருசுங்க யாரு எவ்வளவு படிச்சவங்கன்னு அளந்து வச்சிருப்பாங்க, வெளிநாட்டுல அந்த அளவுகோல் தளர்வு. பேரவை, அதோட புஸ்தகம், மாநாடு, செய்தி நிறுவனம் எல்லாத்துக்கும் இந்த அரசியல் தேவையும் ஒண்ணு, வெளிநாட்டு ஷியா கண்ணுக்கு தெஹ்ரான்தான் மையம்னு தெரிய வைக்கறது. இது என்னோட வாசிப்பு, அவங்க ஆவணத்துல இப்படி எழுதியிருக்க மாட்டாங்க.

சரி, அப்ப செல்வாக்கு இருக்கா இல்லையா? இருக்கு, ஆனா எங்க இருக்குன்னு பாக்கணும். நாலு எடம் சொல்றேன், நாலும் நாலு மாதிரி.

நைஜீரியா. அங்க 1979க்கு முன்னாடி ஷியான்னு சொல்லிக்க ஆளு ரொம்பக் கம்மி. இப்ராஹிம் ஸக்ஸகின்னு ஒரு சுன்னி மாணவர் தலைவர் புரட்சியப் பாத்து மயங்கி, ஈரான் போய் வந்து, ஒரு இயக்கம் கட்டி, மெல்ல மெல்ல ஷியாவா ஆகி, லட்சக்கணக்குல ஆள சேத்தாரு. இங்க ஈரான் இல்லன்னா அந்த இயக்கமே இல்ல, அது நிச்சயம். ஆனா 2015 டிசம்பர்ல ஸாரியா ஊர்ல ராணுவம் புகுந்து சுட்டுச்சு, 347 பேர ஒட்டுமொத்தமா புதைச்சாங்கன்னு அந்த மாநில அரசே போட்ட விசாரணைல வந்துச்சு, ஸக்ஸகிய ஜெயில்ல போட்டாங்க, 2019ல இயக்கத்த தடை பண்ணாங்க. அப்ப தெஹ்ரானால என்ன செய்ய முடிஞ்சுது? அறிக்கை விட்டாங்க, அப்னால தினம் செய்தி போட்டாங்க, பல நாட்டுல கண்டனக் கூட்டம் நடந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல சிகிச்சைக்குன்னு அவர டெல்லி பக்கம் கூட்டிட்டு வந்தாங்க, நம்மாளுங்க நெறைய பேருக்கு அது தெரியவே தெரியாது, ரெண்டு மூணு நாள்ல சண்ட போட்டுக்கிட்டு திரும்பிப் போயிட்டாரு. கடைசில 2021ல விட்டது நைஜீரியா கோர்ட்தான். ஒரு இயக்கத்த உருவாக்க முடிஞ்ச கை அத காப்பாத்த முடியல.

அசர்பைஜான் நேர் எதிர். ஜனங்கள்ல பெரும்பான்மை ஷியா, ஈரானுக்கு பக்கத்து வீடு, ஈரானுக்குள்ளயே கோடிக்கணக்குல அசேரி மொழி பேசறவங்க இருக்காங்க. ஷியாங்கறதுனாலயே ஈரான் பக்கம் சாஞ்சிடுவாங்கன்னா மொதல்ல சாய வேண்டியது இவங்கதான். ஆனா எழுபது வருஷ சோவியத் ஆட்சி மதத்த வீட்டு மூலைக்கு தள்ளிடுச்சு, இப்ப அந்த அரசு இஸ்ரேல் கிட்ட ஆயுதம் வாங்குது, ஈரான் ஆதரவு மௌலவிங்கள பிடிச்சு உள்ள போடுது. ஈரானும் ஷியா நாட்டுக்கு எதிரா கிறிஸ்துவ ஆர்மீனியாவோட நெருக்கமா இருக்கு. மதம் அங்க ஒரு சாக்கா கூட வேலை செய்யல.

ஈராக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம், ஏன்னா அங்க ரெண்டு விதமான மத செல்வாக்கும் பக்கத்துல பக்கத்துல தெரியும். 2003க்கு அப்புறம் ஈரான் கட்சி, ஆயுதக்குழு, டிவி சேனல், ஆஸ்பத்திரி, புனிதத்தல கட்டுமானம்னு கொட்டிச்சு. சிஸ்தானி நஜஃப்ல ஒரு சந்துக்குள்ள வாடகை வீட்ல இருக்காரு, டிவில பேசறதில்ல. ஆனா அமெரிக்காக்காரன் தானே ஆள நியமிச்சு அரசியல் சட்டம் எழுதப் பாத்தப்ப, தேர்தல்ல ஜெயிச்சவங்கதான் எழுதணும்னு 2003 ஜூன்ல ஒரே ஒரு ஃபத்வா, திட்டமே மாறிப் போச்சு. 2014 ஜூன்ல மோசுல் நகரம் ஐ.எஸ். கையில விழுந்தப்ப அவரோட பிரதிநிதி கர்பலா ஜும்மாவுல படிச்ச ஒரு அறிவிப்பு, ஆயிரக்கணக்குல ஆளு வரிசைல நின்னுச்சு. ஆனா அப்படி வந்த ஆளுல பெரும் பகுதிய அணி சேத்து ஆயுதம் குடுத்து தன் பக்கம் வச்சுக்கிட்டது ஈரான் ஆதரவு குழுக்கள்தான். கூப்பிட்டது ஒருத்தர், அறுவடை பண்ணது இன்னொருத்தர். அரசு கையில இருக்குறதோட பலம் அங்க தெரியும். அப்புறம் 2019 அக்டோபர்ல ஈராக் பசங்க, பெரும்பாலும் ஷியா பசங்க, வேல இல்ல, கரண்ட் இல்ல, ஈரானே வெளிய போன்னு தெருவுக்கு வந்தாங்க. நவம்பர்ல நஜஃப்லயே ஈரான் துணைத் தூதரகத்த கொளுத்தினாங்க. ஷியா உலகத்தோட நடு மண்டபத்துல! முப்பது வருஷ மாநாடும் மொழிபெயர்ப்பும் அந்த ராத்திரி எங்க போச்சுன்னு நான் கிளாஸ்ல கேப்பேன்.

நாலாவது ஹாம்பர்க். ஆல்ஸ்டர் ஏரிக்கரைல நீலப் பள்ளிவாசல்னு ஒண்ணு, 1960கள்ல கட்டினது. புரட்சிக்கு முன்னாடி அங்க இமாமா இருந்தவர் பெஹெஷ்தி, பின்னால புரட்சியோட மூளைல ஒருத்தர். சில வருஷம் கழிச்சு அங்க இருந்தவர் காத்தமி, பின்னால ஈரான் ஜனாதிபதி ஆனவர். நான் மேல சொன்ன ரமஸானியும் அங்கேர்ந்துதான் பேரவைக்குப் போனாரு. 2024 ஜூலை 24ல ஜெர்மன் அரசு அந்த மையத்த தடை பண்ணுச்சு, உச்ச தலைவரோட நேரடி நீட்சியா வேலை செஞ்சாங்க, ஹெஸ்புல்லாவுக்கு ஆதரவு குடுத்தாங்கன்னு காரணம் சொல்லி 53 எடத்துல சோதனை போட்டு, தலைவர் மொஃபத்தேய நாட்ட விட்டு அனுப்பிச்சு. தடை, சோதனை, வெளியேத்தம் எல்லாம் நடந்தது உறுதி. காரணமா சொன்னது அரசாங்கத்தோட வாதம், தலைமை தெஹ்ரான்லேர்ந்து வந்ததுங்கற வரைக்கும் எனக்கும் சந்தேகம் இல்ல, அதுக்கு மேல இருக்குறது கோர்ட் சமாச்சாரம். ஆனா அங்க தொழுகைக்கு வந்தவங்கள்ல ஆஃப்கான் குடும்பங்க நெறைய, அவங்களுக்கு அது சாவு வீட்டுக்கும் முஹர்ரமுக்கும் போற எடம். கதவ பூட்டினப்புறம் வெள்ளிக்கெழம ரோட்லயே பாய் விரிச்சு தொழுதாங்க. காசும் தலைமையும் ஒரு அரசாங்கத்தோடது, வர்ற ஜனம் அந்த அரசாங்கத்தோடது இல்ல, ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. இத எப்படிப் பிரிக்கறதுங்கறது எந்த அரசாங்கத்துக்கும் சுலபமா வரல.

காசு எவ்வளவுன்னும் கேட்டிருந்தாரு. தொகை சொல்லமாட்டேன், யாராவது துல்லியமா ஒரு நம்பர் சொன்னா நம்பாதீங்க, ஏன்னா பட்ஜெட்ல வர்றது ஒரு பங்கு, உச்ச தலைவர் அலுவலகத்துக்குக் கீழ இருக்குற அறக்கட்டளைங்க வழியா போறது இன்னொரு பங்கு, அது பட்ஜெட்லயே வராது. ஆனா ஒண்ணு தெரியும், 2017 டிசம்பர்ல அப்ப ஜனாதிபதியா இருந்த ரூஹானியோட அரசு பட்ஜெட்ட வெளிப்படையா போட்டப்ப மத அமைப்புங்களுக்குப் போற தொகையப் பாத்து ஈரான் ஜனங்களே கொதிச்சாங்க, முட்ட விலை ஏறி நிக்குது இவங்களுக்கு இவ்வளவான்னு. அந்த மாசக் கடைசில மஷ்ஹத்ல ஆரம்பிச்ச போராட்டத்துக்கு அதுவும் ஒரு பொறி. 'காஸாவும் இல்ல, லெபனானும் இல்ல, என் உயிர் ஈரானுக்கு'ன்னு 2009லேர்ந்தே தெருவுல கோஷம் போடறாங்க. அந்தக் காசுக்கு எதிரா மொதல்ல குரல் குடுத்தது ஈரானியருங்கதான்.

இப்ப லக்னோ தம்பி விஷயம். அவரு போறது அநேகமா அல்-முஸ்தஃபா சர்வதேசப் பல்கலைக்கழகமா இருக்கும், வெளிநாட்டு மாணவருங்களுக்குன்னே கோம்ல இருக்குறது, 2007ல ரெண்டு பழைய அமைப்ப சேத்து உருவாக்கினது, நூத்துக்கும் மேல நாட்டு மாணவருங்க. பேரவை வேற, இது வேற, ஆனா ரெண்டும் ஒரே மரத்துக் கெளதான். 2020 டிசம்பர்ல அமெரிக்க நிதித்துறை இது மேல தடை போட்டுச்சு, குத்ஸ் பிரிவு இங்கேர்ந்து சிரியா சண்டைக்கு ஆள் எடுத்துச்சுன்னு சொல்லி. ஆஃப்கான் ஆளுங்க ஃபாத்திமியூன் படைலயும், பாகிஸ்தான் ஆளுங்க ஸைனபியூன் படைலயும் சிரியாவுல சண்ட போட்டதுல சந்தேகமே இல்ல, ஜனாஸாவே கோம்லயும் மஷ்ஹத்லயும் ஊர்வலமா போச்சு. ஆனா அந்த ஃபாத்திமியூன் ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க மதரசா மாணவருங்க இல்ல, ஈரான்ல கட்டட வேல பாத்த, ஆஃப்கான் ஷியா இனமான ஹஸாரா அகதிங்க. சம்பளமும், ஈரான்ல தங்கறதுக்கு பேப்பரும் தரேன்னு சொல்லி எடுத்தாங்கன்னு மனித உரிமைக் கண்காணிப்பகம் பல பேர பேட்டி எடுத்து எழுதியிருக்கு, பதினெட்டு ஆகாத பசங்களும் அதுல இருந்தாங்கன்னு எழுதியிருக்கு. டமாஸ்கஸ் பக்கத்துல இருக்குற, நபியோட பேத்தி ஸைனபோட தர்காவ காக்கப் போறோம்னு மனசார நம்பிப் போனவங்களும் இருந்தாங்க. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். அங்க படிக்கிற ஒவ்வொரு மாணவனும் சிப்பாய்ங்கறது எனக்கு ஒப்புக்க முடியாத பேச்சு, அங்க ஆள் எடுப்பே நடக்கலைங்கறதும் அப்படித்தான்.

இந்தியாவுல இந்த செல்வாக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்னா கார்கில்தான் போகணும். அங்க ரெண்டு பெரிய ஷியா அமைப்பு, இஸ்லாமியா ஸ்கூல்னு பழசு ஒண்ணு, பெரும்பாலும் நஜஃப் பக்கம், இமாம் கொமெய்னி நினைவு அறக்கட்டளைன்னு புரட்சிக்கப்புறம் வந்தது இன்னொண்ணு, ஈரான் பக்கம். ரொம்ப வருஷமா மலை கவுன்சில் தேர்தல்ல ஆளுக்கொரு கட்சி பக்கம் நின்னு அடிச்சுக்கிட்டாங்க. பள்ளிக்கூடம், ஆம்புலன்ஸ், முஹர்ரம் ஊர்வலம் எல்லாம் ரெண்டு ரெண்டு. 2019ல லடாக் தனி யூனியன் பிரதேசம் ஆனப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஒரே கூட்டணில வந்து மாநில அந்தஸ்து கேட்டாங்க. அது தெஹ்ரான் சொல்லி நடந்ததில்ல, நஜஃப் சொல்லியும் இல்ல, நிலமும் வேலையும் கையவிட்டுப் போயிடும்ங்கற பயம். லக்னோவுலயும் அப்படித்தான், மௌலவி குடும்பங்க தலைமுறை தலைமுறையா அங்கேயே வேர் விட்டவங்க, கொமெய்னியோட தாத்தாவே அங்க பக்கத்துல பாராபங்கி மாவட்டம் கிந்தூர்லேர்ந்து போனவர்தான். நம்ம சென்னைல அண்ணா சாலைல ஆயிரம் விளக்குன்னு பஸ் ஸ்டாப் பேரா சொல்றோமே, அந்தப் பள்ளிவாசல் ஷியா பள்ளிவாசல்தான், முஹர்ரம் கூட்டத்துக்கு விளக்கேத்தின எடம், பேரவை பொறக்கறதுக்கு நூத்தி எம்பது வருஷம் முன்னாடியே இருக்கு.

இன்னொரு குழப்பத்தையும் தீத்துடுறேன், ஏன்னா கேள்விலயே போரா கடைக்காரர் ஒருத்தர உதாரணத்துக்கு இழுத்திருந்தாரு. போராக்களும் ஆகா கானைப் பின்பத்தற இஸ்மாயிலிங்களும் ஷியா பிரிவுதான், ஆனா அவங்களுக்கு தலைமை வேற, தெஹ்ரானுக்கும் அவங்களுக்கும் மார்க்க ரீதியா கணக்கே கெடையாது. ஏமன் ஸைதிங்களும் வேற ஷியா பிரிவு, அவங்கள்லேர்ந்து வந்த ஆயுத இயக்கமான ஹூத்திங்க ஈரானோட சேந்தது அரசியலுக்கும் ஆயுதத்துக்கும்தான், தக்லீத் முறைக்குள்ள அவங்க வரமாட்டாங்க.

2024 செப்டம்பர்ல ஹெஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லா கொல்லப்பட்டாரு, டிசம்பர்ல சிரியாவுல அசாத் ஆட்சி விழுந்துச்சு, ஃபாத்திமியூன் சிரியாவ விட்டு கிளம்பிடுச்சு. இதோட பேரவை மாதிரி அமைப்புங்களும் முடிஞ்சுதுன்னு எழுதறாங்க. நான் அப்படிப் பாக்கல. ராக்கெட் கிடங்க குண்டு போட்டு அழிக்கலாம், கோம்ல எட்டு வருஷம் படிச்சிட்டு கானாவுலயோ இந்தோனேசியாவுலயோ பள்ளிவாசல் நடத்தற ஆள் அங்கயேதான் இருப்பான். ஆனா அவன் இனி யாரு பேச்சக் கேப்பான், அவன் ஊர்க்காரன் அவன் பேச்சக் கேப்பானாங்கறத அந்த ஊரு நெலமதான் தீர்மானிக்கும், இதுல நான் தப்பாவும் இருக்கலாம்.

கடைசியா அந்தத் தம்பிக்கு உபயோகமா ஒண்ணு. அங்க நல்ல பாரசீகம், அரபி, தத்துவம், சட்டம் எல்லாம் கத்துக்கலாம், என் பழைய மாணவருங்க ரெண்டு பேர் போய் வந்திருக்காங்க, ஒருத்தர் இப்ப மொழிபெயர்ப்பாளர், இன்னொருத்தர் அங்க அரசியல் பாடம் பிடிக்காம நஜஃப்க்கு மாறிட்டாரு. ஆனா பல்கலைக்கழகம் அமெரிக்கத் தடைல இருக்கறதால டிகிரி அந்தப் பேர்ல இருந்தா பின்னால அமெரிக்க விசாவுக்குப் போறப்ப கேள்வி வரும், இங்கேர்ந்து பேங்க் வழியா பணம் அனுப்பறதும் சுலபமா நடக்காது. சேர்க்கைக் கடிதத்துல எந்த நிறுவனத்தோட பேர் போட்டிருக்குன்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க, கோம்ல இதுக்கு சம்பந்தமே இல்லாத பழைய மதரசாக்களும் இருக்கு, சிஸ்தானிக்கும் அங்க ஒரு அலுவலகம் இருக்கு.